குட்டிக்குச் சோறு

குழு: வீட்டுச் சனம்

நான் (காலை 9.40): காலையில் சந்நிதியில் வைத்துக் குட்டிக்கு முதல் சோறு தீத்தினோம். நாலு பருக்கைதான், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். நேற்றோடு 6 மாதம் நிரம்பிவிட்டது. இனி வீட்டில் எதிலிருந்து தொடங்குவது? இவர் கடை மா வாங்குவோம் என்கிறார். எனக்கு வீட்டிலேயே செய்துகொடுக்க விருப்பம்.

பெரியம்மா (9.52): சந்தோசம் பிள்ளை. கடை மா வேண்டாம். சோற்றைக் குழைய விட்டு, கஞ்சித்தண்ணியை வடித்துப் போத்திலில் கொடு. முதல் மாதத்துக்கு அது போதும். தண்ணியாக இருந்தால்தான் விக்காது.

சின்னம்மா (10.05): அக்கா, கஞ்சித்தண்ணி வேண்டாம். பிள்ளையின் வயிறு சின்னது. அது தண்ணியால் நிரம்பினால் பாலும் குடிக்க மாட்டான், பலமும் சேராது. பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறைந்துவிடும், தாய்ப்பாலில் அது மிகக் கொஞ்சம். அதை ஈடுசெய்யத்தானே சோறு தொடங்குகிறோம். போத்திலும் வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும்.

சின்னம்மா (10.07): கிளினிக்கில் தாய்மாருக்கு நான் காட்டுகிற பதம்: கரண்டியைச் சரித்தால் சோறு ஓடக் கூடாது, ஒட்டி நிற்க வேண்டும்.

மச்சாள் (10.15): மில்லில் மா திரிக்கப் போவதென்றால் விடியவே போங்கள். என் மகளுக்குக் குரக்கன் திரித்து வந்து களி கிண்டினேன், ஒரு வாய் வைத்ததும் கத்தினாள். எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய்த்தூள் திரித்திருக்கிறார். ஒரு கிலோவையும் கொட்டினேன்.

பெரியம்மா (10.31): நான் தண்ணியாகக் கொடுத்துத்தானே என் பிள்ளையை வளர்த்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடக்கும்போது அவனுக்கு 8 மாதம். வறுத்த அரிசிமாவும் பயத்தம்மாவும் ஒரு டின்னில் கொண்டுபோனேன். சாவகச்சேரியில் அதைத்தான் சுடுதண்ணியில் கரைத்துக் கொடுத்தேன்.

சின்னம்மா (10.38): தெரியும் அக்கா, நானும் பக்கத்தில் இருந்தேனே. முதல் இரண்டு நாள் தடிப்பாகத்தான் கரைத்தீர்கள். மா முடிந்துவிடுமே என்று பயந்து பிறகு தண்ணியைக் கூட்டினீர்கள். உங்கள் பங்குக் கஞ்சியையும் அவனுக்கே விட்டீர்கள். குட்டிக்கு அந்த நிலை இல்லை அக்கா. அரிசி இருக்கிறது.

கனடா அண்ணா (10.44): அம்மா, இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

பெரியம்மா (11.20): சரி. தடிப்பாகவே கொடுங்கள். எப்படி என்று அவளுக்கு விளங்கச் சொல்லு.

சின்னம்மா (11.34): தட்டினால் நீளும், பொறுமையாக வாசி. வீட்டுச் சிவப்பரிசியில் ஒரு பிடி, தண்ணி தாராளமாக விட்டு, விரலால் நசித்தால் மசியும்வரை அவிய விடு. மிக்ஸியில் அடிக்காதே, கரண்டியால் மசி. இறுகினால் உன் பாலையே கொஞ்சம் விட்டுக் குழை. முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு இரண்டு தரம். மூன்றாம் நாள் அரிசியோடு மைசூர்ப் பருப்பையும் அவிய விடு. அடுத்துப் பூசணி, கரட், முருங்கை இலை. இலையைக் காம்பில்லாமல் உருவி, அவித்து மசி. புதுச் சாமான் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போ. இறக்கும்போது ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பாலோ நல்லெண்ணெயோ விடு. உப்பும் சீனியும் ஒரு வயதுவரை வேண்டாம். மிஞ்சினதை எடுத்து வைத்து மத்தியானம் தீத்தாதே, இந்த வெக்கையில் பழுதாகிவிடும்.

நான் (11.41): மீன் எப்போது? அத்தோடு மாமி தேன் தொட்டு வைக்கச் சொல்கிறா.

சின்னம்மா (11.50): தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி இந்தச் சின்னக் குடலில் நஞ்சை உண்டாக்கும், கைகால் தளர்ந்து மூச்சே நிற்கலாம். மாமியிடம் நானே பேசுகிறேன். மீனுக்குப் பல் முளைக்கும்வரை காத்திராதே. இரண்டாம் கிழமை முட்டை மஞ்சள் கரு, பிறகு மீன், ஈரல். பருப்பில் உள்ள இரும்பைவிட மீனிலும் ஈரலிலும் உள்ளது உடம்பில் நன்றாகச் சேரும். பருப்புச் சோறு கொடுக்கும் நாளில் பப்பாப்பழம் இரண்டு கரண்டி மசித்துக் கொடு, அந்த இரும்பும் சேரும். தேத்தண்ணி மட்டும் காட்டாதே.

மச்சாள் (11.58): விளைமீன் நல்லது, முள் பெரிது, பார்த்து எடுக்கலாம். சூடை மீனைத் தொடாதீர்கள்.

*

நான் (16 நாள் கழித்து, பகல் 12.25): இன்று விளைமீனும் பூசணியும். ஒன்பது கரண்டி! பத்தாவதுக்கு வாயை இறுக்கி மூடிவிட்டான்.

சின்னம்மா (12.27): மூடினால் விட்டுவிடு. திணிக்காதே.

பெரியம்மா (12.40): முள் யார் பார்த்தது?

நான் (12.41): நான்தான் பெரியம்மா. இரண்டு தரம் பிசைந்து பார்த்தேன்.

பெரியம்மா (12.43): நாளைக்குக் கொட்டடிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வருகிறேன். நான் பார்த்துத் தருகிறேன். தடிப்பாகவே தீத்துவோம்.