கரவனில் ஏசி நினைத்த நேரம் நிற்கிறது, பிழை எங்கே?

வேலணைப் பொடியன்:
வணக்கம். எங்கள் வளவுக்குள் ஒரு கரவன் நிற்கிறது. அண்ணா பழைய ட்ரெயிலர் சட்டத்தின்மேல் பலகையும் தகரமும் அடித்துச் செய்தது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து சித்தி குடும்பம் வந்தால் அதற்குள்தான் படுக்கை. மற்ற நாட்களில் சாட்டிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவோம். சுவரில் 12000 பி.ரி.யூ. விண்டோ ஏசி பூட்டியிருக்கிறது.

பகலில் நன்றாக ஓடும். இரவு ஏழு மணிக்குப் பிறகு சில நேரம் காற்று மட்டும் வரும், குளிர் வராது. சில நேரம் இருபது நிமிடம் ஓடிவிட்டு மொத்தமாக நின்றுவிடும், உள்ளே லைற்றும் போய்விடும். பத்து நிமிடத்தில் தானாகவே திரும்ப வரும். ஆளைக் கூப்பிட்டால் அவர் நிற்கும் நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஒருவர் வந்து காஸ் நிரப்பினார். இன்னொருவர் ஏசியின் கட்டுப்பாட்டுப் போர்ட் மாற்ற வேண்டும் என்கிறார். இடைக்கிடை ட்ரிப் சுவிட்சும் விழுகிறது. ட்ரிப்பை விட்டுவிட்டு நேரே வயர் கொடுத்துப் பார்க்கலாமா? அடுத்த கிழமை சித்தி வருகிறார், அதுதான் அவசரம்.

சுன்னாகம் வயறிங்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்க வேண்டாம், தயவுசெய்து. கரவன் நிற்பது றப்பர் ரயரில். கசியும் கரண்ட்டை நிலத்துக்கு இறக்கும் எர்த் வயர் சரியில்லாவிட்டால், உள்ளே ஒரு வயர் உரிந்து சட்டத்தில் முட்டினாலும் கரண்ட் நிலத்துக்குப் போக வழி இல்லை. முழு உடம்பும் கரண்ட்டோடு சும்மா நிற்கும். ஈர மணலில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடுகிற பிள்ளைதான் அதற்கு வழியாகும். 30 மில்லிஅம்ப் கசிந்தாலே கரண்ட்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருப்பது அந்தப் பிள்ளைக்காக. அது விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இனி ஏசி. நீங்கள் சொன்னதிலேயே இரண்டு வேறு வருத்தங்கள் இருக்கின்றன. காற்று வந்து குளிர் வராவிட்டால், காஸை அழுத்திக் குளிர் தரும் கொம்பிரசர் மட்டும் எழும்பவில்லை: வோல்ற் குறைவு, அல்லது அதை எழுப்ப உதவும் கப்பாசிற்றர் களைத்துவிட்டது. லைற்றும் சேர்ந்து போனால் அது ஏசியின் பிழையே இல்லை, ஏசிக்கு வரும் வழியில் ஏதோ தளர்ந்திருக்கிறது. போர்ட் மாற்றினால் காசுதான் போகும். கரவனுக்கு வரும் வயர் எவ்வளவு நீளம், என்ன தடிப்பு? பிழை வரும் அந்த நேரமே பிளக்கில் வோல்ற் அளந்து சொல்லுங்கள். பகலில் அளந்து பலன் இல்லை.

வேலணைப் பொடியன்:
நன்றி அண்ணை. வயர் 40 மீற்றர், றீலில் சுற்றியபடி கிடக்கிறது. உறையில் 1.0 சதுர மில்லிமீற்றர் என்று அடித்திருக்கிறது. நேற்று இரவு எட்டு மணிக்குக் கரவன் பிளக்கில் அளந்தேன். ஏசி நிற்கும்போது 212, ஓடும்போது 201. கொம்பிரசர் எழும்பும் நேரம் லைற் நன்றாக மங்குகிறது. பிளக்கைத் தொட்டால் சூடு.

சுன்னாகம் வயறிங்:
சரி, வழி தெரிகிறது. இங்கே 230 வோல்ற், ஆறு வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. ஊர் முழுக்க ஏசியும் விசிறியும் போடும் நேரம் உங்களுக்கு 212தான் வருகிறது.

1.0 வயரில் 40 மீற்றர், போக வர 80. அதன் தடை கிட்டத்தட்ட 1.45 ஓம். உங்கள் ஏசி ஓடும்போது 5.5 அம்ப் அளவு இழுக்கும், அதில் 8 வோல்ற் வயரிலேயே போகும். கொம்பிரசர் எழும்பும் அந்தக் கணத்தில் 25 அம்ப் என்று வைத்தால் 36 வோல்ற் போகும். மிஞ்சுவது 176. அதில் எழும்ப முடியாமல் உறுமும், அதைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் சூடாகி வெட்டும், ஆறியதும் திரும்ப முயலும். 2.5 வயர் என்றால் அதே கணத்தில் 15 வோல்ற்தான் போகும். றீலில் சுற்றி வைத்து ஓட்டவும் கூடாது, உள்ளே சூடு அடைபடும்.

ஆனால் உங்கள் கணக்கில் இன்னும் 3 வோல்ற் காணவில்லை. 212இல் 8 போனால் 204 இருக்க வேண்டும், 201 காட்டுகிறது. அந்த 3 எங்கோ ஒரு மூட்டில் சூடாகப் போகிறது. 3ஐ 5.5ஆல் பெருக்கினால் 16 வாற்று, ஈயம் பிடிக்கிற சின்ன அயன் ஒன்றின் சூடு. மெயினை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்காபரோ மாமா:
மருமகன், இங்கே ட்ரெயிலர்களில் 120 வோல்ற், 30 அம்ப் பிளக். கூரை ஏசியே 13 அம்ப் அளவு இழுக்கும். கோடையில் முகாம் நிறையும்போது இதே கதைதான். நான் எனதைக் கிண்டியபோது கட்டிலுக்குக் கீழே மூட்டுப்பெட்டியில், கரண்ட் திரும்பிப் போகும் நியூற்றல் வயரின் திருகு கையாலேயே சுழன்றது. வீடு ஆடாது, ட்ரெயிலர் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடும். பிளக்கோடு நிற்காமல் உள்ளே உள்ள ஒவ்வொரு திருகையும் இறுக்குங்கள்.

வேலணைப் பொடியன்:
எல்லாம் கண்டுபிடித்தாயிற்று. பிளக்கைத் திறந்தால் நியூற்றல் பக்கம் பிளாஸ்ரிக் மண்ணிறமாக இளகி, திருகுக்குக் கீழே செப்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்து, பாதி இழை உதிர்ந்து கையில் வந்தது. கடற்காற்றும் சூடும் சேர்ந்து செய்த வேலை. சூடேற அது விலகும், ஆற ஒட்டும். அந்த இருபது நிமிடம் இதுதான்.

அப்புறம் ட்ரிப். ஏசி வயர் தகரத்தைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் றப்பர் வளையம் போடவில்லை. ஓரம் அராவி, ஒரு இடத்தில் செப்பு தெரிந்தது. எர்த் வயரோ பிளக்குக்குள் பூட்டாமலே மடித்து விட்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு ட்ரிப்பைக் கழற்ற நினைத்தேனே அண்ணை, நேற்று இரவு முழுக்க நித்திரை வரவில்லை. சித்தியின் கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது.

கப்பாசிற்றரை ஏசிக்காரர் கழற்றி, அதில் தேங்கிய கரண்ட்டைக் குண்டு பல்பால் இறக்கிவிட்டு அளந்தார். 35 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது, காட்டியது 27. புதிதாகப் போட்டார்.

சுன்னாகம் வயறிங்:
ஐந்து வீதம்தான் கூடிக் குறையலாம், 33க்குக் கீழே என்றாலே மாற்ற வேண்டியது. எர்த்தைச் சரியாகக் கொடுங்கள். கரவன் நிற்கும் இடத்தில் நிலத்துக்குள் செப்புப் பூசிய எர்த் கம்பியும் ஒன்று அடியுங்கள். ட்ரிப்பின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

வேலணைப் பொடியன்:
செய்துவிட்டேன். 2.5இல் மூன்று கோர் வயர், புதுப் பிளக், வளையம், எர்த் கம்பி. நாலு இரவாக ஓடுகிறது, ட்ரிப் விழவில்லை. நேற்று எட்டு மணிக்கு ஓடும்போதே 209 காட்டியது. பிளக்கில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது.