மென்மையான சுபாவமுள்ள இளம் பொயின்டர் நாய்க்கு மின் கழுத்துப்பட்டி: தொடங்கலாமா, எப்படித் தொடங்குவது?

கடலோரத்தான் (வெள்ளவத்தை) கேட்டது:

வணக்கம். என்னிடம் பதினொரு மாதப் பெண் நாய் ஒன்று இருக்கிறது. ஜேர்மன் ஷோர்ட்ஹெயார் பொயின்டர் இனம், எடை 22 கிலோ, பெயர் செம்பி. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில் எங்களோடு வளர்கிறாள். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள கடற்கரைக்குக் கயிற்றோடு அழைத்துச் செல்வேன். மாதத்தில் இரண்டு தடவை சிலாபத்துக்கு அருகிலுள்ள மாமாவின் தென்னங்காணிக்குப் போவோம். வேட்டைக்கு அவளை விடுவதில்லை, விடும் எண்ணமும் இல்லை. ஆனால் அந்தக் காணியில் மயில்கள் அதிகம். மயிலின் வாடை பட்டவுடன் ஒரு முன்காலைத் தூக்கி, வாலை விறைப்பாக நீட்டி, பத்து விநாடி சிலைபோல நிற்பாள். அதன்பின் பாய்ந்துவிட்டால் என் குரல் அவள் காதில் விழுவதே இல்லை. தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது வேலியால் நுழைந்து புத்தளம் வீதிக்கே ஓடிவிட்டாள். பஸ் சாரதி ஒருவர் பிரேக் பிடித்ததால்தான் இன்று உயிரோடிருக்கிறாள்.

அந்தப் பயத்தில், துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் றிமோட்டின் பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின் தட்டுக் கொடுக்கும் மின் கழுத்துப்பட்டி ஒன்றை வரவழைத்தேன். பூச்சியம் முதல் நூறு வரை அளவு வைக்கலாம். அனுப்பியவர் 30 என்பது சாதாரண அளவு என்று சொன்னதை நம்பி, பெட்டியைப் பிரித்த மறுநாளே கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். நீரோரத்தில் நின்ற ஒரு கொக்கை நோக்கி அவள் இழுத்தபோது பொத்தானை அழுத்தினேன். அதே கணத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் புகையிரதம் ஹோர்ன் அடித்தபடி கடந்துபோனது. செம்பி வீரிட்டுக் கத்தி, மணலில் புரண்டு, தன் கழுத்தைத் தானே கடிக்க முயன்றாள். பன்னிரண்டு நாட்களாகியும் எங்கள் ஒழுங்கையின் முனைக்கு அப்பால் அவள் ஓரடி எடுத்து வைப்பதில்லை. வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கியபடி, நிலத்தில் அமர்ந்துவிடுகிறாள். பட்டியின் கொளுவி 'டிக்' என்று பூட்டும் சத்தத்தை வீட்டுக்குள் கேட்டாலே சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்கிறாள். இயல்பிலேயே அவள் அப்படித்தான். மகனை நான் சற்று உரத்துக் கண்டித்தாற்கூட, திட்டு தனக்கென்று எண்ணி என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

நான் செய்தது தவறு என்பது தெரிகிறது. கேட்க விரும்புவது இதுதான்: இந்தக் கருவியை முறைப்படி மீண்டும் தொடங்க வழி உண்டா, அல்லது இப்படியான நாய்க்கு அது ஆகவே ஆகாதா? மின் தட்டை விட்டுவிட்டு, அதிலுள்ள அதிர்வையோ ஒலியையோ மட்டும் பயன்படுத்தலாமா? மோப்பம் பிடித்து நிற்கும் அவளது இயல்பு கெட்டுவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

கண்டக்கையா (நுகேகொடை) எழுதியது:

தம்பி, சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். உங்கள் செம்பிக்கோ அடுப்பு எது என்பதே விளங்கவில்லை. கொக்கா, புகையிரதமா, கடலா, மணலா, அருகில் நின்ற நீங்களா? வலி வந்த கணத்தில் கண்ணிலும் காதிலும் எது பட்டதோ அதன்மேல்தான் நாய் பழியைப் போடும். உங்கள் கைப்பொத்தானுக்கும் தன் கழுத்துக்கும் தொடர்பிருப்பதை அது ஒருபோதும் ஊகிக்காது. ஆகவே எண் 30 ஆக இருந்தது இரண்டாம் பிழைதான். அந்த மின் தட்டு எதைக் குறிக்கிறது என்று முன்கூட்டியே கற்பிக்காமல் அழுத்தியதே முதற்பிழை.

தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த காலத்தில் துரைமாரின் பொயின்டர், ஸ்பானியல் நாய்களைப் பழக்கியிருக்கிறேன், பின்னாளில் இந்தப் பட்டியையும் பயன்படுத்தியிருக்கிறேன். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இது வேட்டை நாய்களுக்கென விற்பனைக்கு வந்தபோது ஒரே அளவு, அதுவும் பலத்த அளவுதான். மான் பின்னால் மைல்கணக்கில் ஓடும் முரட்டு நாயைத் தண்டித்து நிறுத்துவதே அன்றைய நோக்கம். இன்றைய கருவியில் நூறு படிகள் இருப்பதற்குக் காரணம், நாய் இலேசாக உணரும் இடத்தைத் தேடிக்கொள்வதற்காகவே. தண்டிப்பதற்கு நூறு படிகள் தேவையில்லை.

முதலில் மூன்று கிழமைக்குப் பட்டியைக் கண்ணில் காட்டாதீர்கள். அந்த நாட்களில் 10 மீற்றர் நீளக் கயிற்றில் 'வா' என்ற ஒரே சொல்லை மட்டும் பழக்குங்கள். சொல்லைச் சொல்லி, கயிற்றை மெதுவாகச் சுண்டி, அவள் தலை திரும்பியவுடன் கயிற்றைத் தளர்த்தி, வந்ததும் தீனி கொடுங்கள். இது கல்லில் எழுதியதுபோலப் பதிந்த பிறகு, பட்டியை மின்னேற்றாமல், வெறும் பட்டியாகவே இரண்டு கிழமை அணிவியுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்னரும் உலாவப் புறப்படும்போதும் கட்டினால், கொளுவியின் 'டிக்' சத்தம் அவளுக்கு நல்ல செய்தியாக மாறும். அந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே அஞ்சுவதால், முதல் சில நாட்களுக்குக் கொளுவியைக் கையில் வைத்தே 'டிக்' செய்துவிட்டு ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும். தொங்கினால் மின் தட்டுக் கொடுக்கும் உலோக முனைகள் தோலை விட்டுவிட்டுத் தொடும். அப்போது ஐந்து தடவை ஒன்றும் உணராத நாய், ஆறாம் தடவை துள்ளிக் குதிக்கும். முனைகள் குரல்வளைமேல் படாமல் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கட்டும். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருநாளும் விட்டுவைக்க வேண்டாம், முனை அழுந்திய இடத்தில் தோல் புண்ணாகும். நம் ஊர் வெக்கைக்கும் கடல் உப்புக்கும் அந்தப் புண் எளிதில் ஆறாது.

அளவு கண்டுபிடிக்கும் நாளில் பறவையோ, பிற நாயோ, சத்தமோ இல்லாத இடத்தில் இருங்கள். முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள், ஆனால் உங்கள் தோலின் கணக்கு அவள் தோலின் கணக்கு ஆகாது. பூச்சியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றும்போது, கழுத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு காது திரும்பும், கண் ஒருமுறை சிமிட்டும், அல்லது 'என்ன அது?' என்று நிலத்தைப் பார்ப்பாள். அங்கேயே நிறுத்துங்கள். கத்தினாலோ, கழுத்து விறைத்தாலோ, நீங்கள் பல படிகள் தாண்டிவிட்டீர்கள். கழுத்து நனைந்திருந்தால் மின் கடத்தும் தன்மை மாறிவிடும், எனவே கடலில் குளித்த நாளில் பழைய எண்ணை நம்பக் கூடாது. அதன்பின் கயிற்றின் சுண்டலோடு அந்த இலேசான தட்டைச் சேர்த்து 'வா' என்று அழைத்து, அவள் திரும்பிய நொடியிலேயே பொத்தானை விட்டுவிடுங்கள். திரும்பினால் அது நின்றுவிடுகிறது என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

மோப்பம் பிடித்து நிற்கும்போதோ, பறவை மூக்கருகில் இருக்கும்போதோ அழுத்தவே கூடாது. பறவையைக் கண்டால் பதுங்கி ஒதுங்கும் பொயின்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பிறவியில் அப்படி அல்ல, இப்படி ஆக்கப்பட்டவை. அவள் கண்ணுக்கு மறைந்து பற்றைக்குள் போய்விட்டால், என்ன செய்கிறாள் என்று தெரியாமல் அழுத்துவதும் அதே வகைதான்.

நந்தியாவட்டை (தெகிவளை) எழுதியது:

கண்டக்கையா அவர்கள் சொன்ன முறை ஒழுங்கானது. அதைவிடக் கவனமாக யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தும் எனக்கு உடன்பாடில்லை. நான் பதினெட்டு வருடம் ஜேர்மனியில் இருந்தேன். செம்பியின் இனம் பிறந்த அந்த நாட்டிலேயே, நாய்க்கு மின் தட்டுக் கொடுக்கும் கருவியைப் பயிற்சியில் பயன்படுத்துவது சட்டப்படி தடை, அங்குள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் அதை உறுதிப்படுத்தியது. வேல்ஸ் 2010இல் தடை செய்தது. நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. இப்படி ஒரு பொருள் வருமென்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள், ஆகவே இங்கே பொறுப்பு முழுவதும் றிமோட்டை வைத்திருப்பவரின் மனச்சாட்சியில் விடப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று உங்கள் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும். அழைத்தால் வராதது, ஆடுமாடுகளைத் துரத்துவது போன்ற பழக்கமுள்ள வீட்டு நாய்கள் 63ஐ மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மின் பட்டியோடும் மற்ற இரண்டையும் அது இல்லாமலும் பழக்கினார்கள். பழக்கியவர்களில் மின் பட்டியில் கைதேர்ந்தவர்களும் இருந்தார்கள். முடிவில் மூன்று குழுக்களிலும் பெரும்பாலான நாய்கள் திருந்தின. பட்டி அணிந்த குழுவுக்கு எந்தத் தனி நன்மையும் தெரியவில்லை, ஆனால் அந்தக் குழுவில் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கைதேர்ந்தவர் கையிலேயே அப்படியென்றால், முதன்முதலாக றிமோட்டைப் பிடிக்கும் நம் கையில் எப்படியிருக்கும்?

இன்னொன்று, ஆறு மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரைக்குள் பல நாய்கள் இரண்டாம் அச்சப் பருவம் ஒன்றைக் கடக்கின்றன. நேற்றுவரை கவனிக்காத குப்பைத்தொட்டியைப் பார்த்தே குரைக்கும் காலம் அது. பெண் நாயான அவள் முதன்முதலாகச் சினைப்பருவத்துக்கு வரும் காலமும் ஏறத்தாழ இதுவே. இப்போது பதியும் பயம் ஆழமாகப் பதியும்.

முதலில் கடற்கரையைச் சரிசெய்யுங்கள். ஒழுங்கையின் முனைக்குச் செல்ல வேண்டாம், அதற்கு முன் எந்த இடம்வரை அவள் கையிலிருந்து தீனியை மென்மையாக வாங்கித் தின்கிறாளோ, அந்த இடமே இன்றைய எல்லை. தீனியை மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகக் கையைக் கவ்விப் பறித்தாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். புகையிரதம் வரும் நேரங்களைக் குறித்துக்கொண்டு, தொலைவில் அதன் ஓசை கேட்கத் தொடங்கும்போது தீனி வர வேண்டும், ஓசை ஓயும்போது தீனியும் ஓய வேண்டும். அவளை இழுக்கவும் தூக்கவும் வேண்டாம். ஒரு நாளுக்கு இரண்டு மீற்றர் முன்னேறினால் அதுவே பெரிது.

மயிலுக்கு விசில்தான் என் பதில். குரலில் நம் பதற்றம் ஏறிவிடும், விசிலுக்கு அது ஏறாது. வீட்டுக்குள் இரண்டு குறுகிய ஊதல், உடனே அவித்த கோழி; வேறெதற்கும் அந்தக் கோழி கிடைக்கக் கூடாது. பிறகு படிக்கட்டில், ஒழுங்கையில், கடைசியாகத்தான் காணியில், நீண்ட கயிற்றோடு. மோப்பம் பிடித்து நிற்கும் அந்தப் பத்து விநாடிதான் உங்கள் பொக்கிஷம். அப்போது கயிற்றைப் பிடித்தபடி அருகில் போய், அவள் விலாவில் கைவைத்து, மெதுவாகப் பாராட்டி, மேலும் சில விநாடி மோப்பம் பிடிக்க விடுங்கள். நின்றால் மோப்பம் நீளும், பாய்ந்தால் கயிறு முடிந்துவிடும். அதோடு மாமாவின் வேலியையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். எந்தப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது.

பீகிள் வீட்டார் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

அதிர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின்சாரம் இல்லாததால் அது சாதுவானது என்று நானும் எண்ணினேன். எங்கள் பீகிள் குறைந்த மின் தட்டுக்கு வெறுமனே காதைச் சொறிந்தான், ஆனால் அதிர்வுக்கு அலறி அலுமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டான். கழுத்தெலும்பில் திடீரென்று உறுமுவது அவனுக்கு ஒரு விலங்கு பாய்ந்ததுபோல இருந்திருக்கலாம். ஒலி மட்டும் என்றால், அது விசிலைப்போலத்தான். தீனியோடு கற்பித்தால் வேலை செய்யும், கற்பிக்காவிட்டால் வெறும் சத்தம். ஆனால் ஒலிப் பொத்தானுக்கு ஒட்டியே மின் பொத்தான் இருக்கும் மொடல்களில் விரல் தவறுவது மிக எளிது.

கண்டக்கையா எழுதியது:

தங்கை நந்தியாவட்டை சொல்லும் அச்சப் பருவத்தை நான் குறிப்பிடாமல் விட்டது என் தவறு. செம்பிக்கு ஒன்றரை வயதாகும்வரை பட்டியைத் தொடாதீர்கள் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். முற்றாக வேண்டாம் என்பதில் மட்டும் நான் இன்னும் வேறுபடுகிறேன். வீதிக்கு ஓடி வாகனத்தில் அடிபட்ட இரண்டு நாய்களை என் கையாலேயே புதைத்திருக்கிறேன், ஆகவே மலைச்சரிவில் கயிறும் விசிலும் எட்டாத தூரத்துக்கு ஒரு கருவி இருப்பதை என்னால் தூக்கி எறிய முடியவில்லை. ஆனால் விசிலுக்குப் பத்துக்கு எட்டுத் தடவையாவது திரும்பாத நாய்க்குப் பட்டி போடுவது, எழுதத் தெரியாத பிள்ளைக்குப் பரீட்சை வைத்து அடிப்பதற்குச் சமம்.

கடலோரத்தான் எழுதியது (ஏழு கிழமைக்குப் பின்):

பதிலளித்த மூவருக்கும் நன்றி. பட்டியைப் பெட்டியோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன், இன்னும் மின்னேற்றவில்லை. முதல் ஒன்பது நாட்களும் ஒழுங்கையின் நடுவிலுள்ள மின்கம்பத்தைத் தாண்டவில்லை. பொரித்த நெத்தலி அவித்த கோழியைவிட அவளுக்குப் பிடிக்கிறது என்பதைத் தற்செயலாக அறிந்தோம். சென்ற சனிக்கிழமை, மரைன் டிரைவின் இப்புறத்தில் அமர்ந்திருந்தபோது பாணந்துறைப் பக்கம் போகும் புகையிரதம் வந்தது. காதுகளைப் பின்னால் மடித்தாள், ஆனாலும் வால் ஒடுங்கவில்லை; நான்கு பெட்டிகள் கடந்தபின் திரும்பி என் கையைப் பார்த்தாள், நெத்தலி எங்கே என்று. தண்டவாளத்தைக் கடக்க இன்னும் முயலவில்லை.

காணியில் வேலியை முட்கம்பியால் அடைத்துவிட்டோம். விசிலுக்குப் பத்தில் ஆறு தடவை திரும்புகிறாள், மயில் தெரியும்போது இரண்டு. ஒரு சந்தேகம்: 10 மீற்றர் கயிற்றின் நுனி தென்னங்கன்றுகளிலும் விழுந்த மட்டைகளிலும் சிக்கி, ஓடும் வேகத்தில் அவளைச் சுண்டி வீழ்த்துகிறது. என்ன செய்யலாம்?

கண்டக்கையா எழுதியது:

கயிற்றைக் கழுத்தில் கட்டாமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் வாரில், முதுகுப் பக்கம் கொளுவுங்கள். நுனியிலுள்ள கைப்பிடி வளையத்தையும் முடிச்சையும் வெட்டிவிட்டு, நைலோன் என்றால் அந்த முனையை நெருப்பில் காட்டி உருக்கி மழுக்கிவிடுங்கள். முடிச்சில்லாத நுனி மட்டைக்கடியில் சிக்காமல் வழுகி வந்துவிடும். தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், 22 கிலோ ஓடும்போது நைலோன் கயிறு உள்ளங்கையைச் சீவிவிடும்.