நைட் ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்துட்டேன், சம்பளம் பிஎஃப் எல்லாம் போயிடுமா?

பிரஸ்ஷாப்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில பிரஸ் ஷாப் ஆபரேட்டரா இருக்கேன், கம்பெனி ரோல் இல்ல, கான்ட்ராக்ட் தான். ஐடிஐ ஃபிட்டர் முடிச்சுட்டு ஊர்ல இருந்து வந்தவன், ரெண்டு தீபாவளி இங்கயே போயிருச்சு.

போன வாரம் நைட் ஷிப்டுக்கு பஸ்ல இறங்கி கேட்ல பஞ்ச் வச்சுட்டு ஷூ மாட்டி லைனுக்கு போனேன், ஷிப்ட் ஆரம்பிக்க கொஞ்ச நேரம் இருந்துச்சு. எனக்கு போட்ட மெஷின்ல ரெண்டு கையாலயும் அமுக்குற பட்டன்ல இடது பக்க பட்டன் மேல டேப் சுத்தி அமுக்கியே வச்சிருக்காங்க, கை உள்ள போனா மெஷின நிறுத்துற லைட் கர்ட்டன் சென்சாரையும் வேலை செய்யாதபடி பைபாஸ்ல போட்டிருக்கு. அதாவது ஒரு கையால பட்டன தட்டிட்டு இன்னொரு கையால பீஸ எடுத்துக்கிட்டே ஓட்டணும், டார்கெட் வரணுமாம். சூப்பர்வைசர் கிட்ட இதுல நிக்க மாட்டேன், வேற மெஷின் குடுங்க இல்ல சென்சார் போட்டு குடுங்கன்னேன். இன்னைக்கு ஒரு நாள் ஓட்டு, காலைல மெயின்டனன்ஸ் பாத்துக்கும், முடியாதுன்னா வீட்டுக்கு போன்னாரு. கிளவுஸ டேபிள் மேல வச்சுட்டு கிளம்பிட்டேன், என்கூட இன்னும் ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. கேட் பாஸ் இல்லன்னு செக்யூரிட்டி விடல, அப்புறம் ரெஜிஸ்டர்ல எழுத சொல்லி விட்டாரு.

காலைல பாத்தா வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கேட்டா நீ அப்ஸ்காண்ட், அதாவது சொல்லாம ஓடிட்டவன், இந்த மாச சம்பளம் கிடையாது, போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுப்போம்ங்கறாங்க. என் ஐடிஐ ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவங்க கிட்ட தான் இருக்கு. நெஜமாவே சம்பளம் போயிடுமா, பிஎஃப் என்ன ஆகும், அடுத்த கம்பெனில இது தெரிஞ்சா எடுப்பாங்களா? வீட்ல இன்னும் சொல்லல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முன்னாள்_எச்ஆர்_அக்கா:

தம்பி மொதல்ல பயப்படாத. ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்ல ரொம்ப வருஷம் எச்ஆர்ல இருந்தவ நான், இப்ப அந்த வேலைல இல்ல, அதனால ஒளிக்காம சொல்றேன்.

போலீஸ் விஷயம் வெறும் மிரட்டல். ஒருத்தன் தனியா வேலைய விட்டு போறது குற்றம் இல்ல. ஆனா நீ அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துல இருக்கியா இல்ல நெஜமாவே கான்ட்ராக்ட் தொழிலாளியான்னு சம்பள ஸ்லிப்ப எடுத்து பாரு. அப்ரண்டிஸ்னா அவங்கள தொழிலாளியாவே சட்டம் எடுத்துக்காது, கணக்கே வேற. பிஎஃப் ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தா பெரும்பாலும் நீ தொழிலாளி தான்.

சம்பளம். வேலை செஞ்ச நாளுக்கு காசு குடுக்காம இருக்க யாருக்கும் உரிமை இல்ல. வராத நாளுக்கு அந்த நாள் சம்பளத்த மட்டும் பிடிக்கலாம், ஒரு ஷிப்ட் போச்சுன்னா ஒரு ஷிப்ட் காசு, அவ்ளோ தான். 10 பேரோ அதுக்கு மேலயோ பேசி வச்சுக்கிட்டு நோட்டீஸ் இல்லாம வராம இருந்தா தான், ஒப்பந்தத்துல அப்படி இருந்தா, 8 நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்க சட்டத்துல எடம் இருக்கு. நீங்க மூணு பேரு, அது உங்களுக்கு வராது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ் பீரியட் இருந்தா அதுக்கு காசு கேப்பாங்க, பேசலாம், ஆனா எந்த பிடித்தமும் சேந்து சம்பளத்துல 50 சதவீதத்த தாண்டக்கூடாது. மாச சம்பளமே கிடையாதுங்கறது சட்டத்துல எங்கயும் இல்லாத பேச்சு. கான்ட்ராக்டர் கைய விரிச்சாலும் அந்த கூலிக்கு முதன்மை முதலாளி, அதாவது அந்த கம்பெனி, பொறுப்பு.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒரு லெட்டர். இன்னைக்கே எழுது. எந்த தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின், பட்டன்ல டேப் சுத்தியிருந்துச்சு, சென்சார் பைபாஸ்ல இருந்துச்சு, சூப்பர்வைசர் கிட்ட வேற வேலை கேட்டேன், வீட்டுக்கு போகச் சொன்னாரு, பாதுகாப்பான மெஷின் குடுத்தா வேலைக்கு வர தயாரா இருக்கேன்னு. கான்ட்ராக்டருக்கு ஒண்ணு, கம்பெனி எச்ஆருக்கு ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வை, மெயிலும் போடு. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல எல்லாம் பையன் கோவமா கிளம்பிடுவான், பேப்பர்ல ஒரு வரி இருக்காது, ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ்ல இருந்து நீ சொல்லாம கொள்ளாம ஓடிட்டன்னு லெட்டர் வரும், ஃபைல்ல அது ஒண்ணு தான் இருக்கும், கேக்குறவங்க அத தான் நம்புவாங்க. உன் விஷயத்துல கேட்ல உள்ள வந்த பஞ்ச் இருக்கு, வெளிய போன நேரம் ரெஜிஸ்டர்ல இருக்கு. நீ வேலைக்கே வரலன்னு அவங்களால சொல்ல முடியாது, இத லெட்டர்ல அழுத்தி எழுது.

இனிமே அங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டன்னா அத ரிசைன் லெட்டராவே குடு, காரணத்த விடாம எழுது. 2025 நவம்பர் 21-லருந்து புது லேபர் கோடு, அதாவது தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அமலுக்கு வந்துருச்சு, அதுல ரிசைன் பண்ணவனுக்கும் ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளத்த செட்டில் பண்ணணும்னு இருக்கு. அப்ஸ்காண்டாவே கெடந்தா அந்த ரெண்டு நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னே யாராலயும் சொல்ல முடியாது.

போனஸையும் விட்றாத. வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சிருந்தாலே போனஸ் உண்டு, குறைஞ்சது 8.33 சதவீதம். திருட்டு, மோசடி, அடிதடி மாதிரி காரணத்துக்கு டிஸ்மிஸ் ஆனா தான் அது போகும், பாதில கிளம்பினதுக்கு போகாது.

செகண்ட்ஷிப்ட்_லைன்லீடர்:

அக்கா சட்டம் எல்லாம் சரியா சொல்லிட்டாங்க, நான் லைன்ல நிக்கறவன், வேற பக்கத்த சொல்லணும். ஒருத்தன் வரலன்னா முந்தின ஷிப்ட்காரன் தான் நிக்கணும். பஸ் போயிரும், அடுத்த பஸ் காலைல தான், பதினாறு மணி நேரம் நின்ன காலோட ரூமுக்கு போறவனுக்கு அன்னிக்கு தூக்கமும் கெடையாது, சோறும் கெடையாது. ஓவர்டைம் காசு டபுளா வரணும்னு சட்டம் சொல்லுது, எத்தன கான்ட்ராக்டர் குடுக்கறான்? நெறய எடத்துல சிங்கிள் தான். அதனால தான் பசங்க சட்டுனு கிளம்பிட்டா எனக்கு கோவம் வரும். தம்பி அந்த மெஷின்ல நிக்காதது சரி தான், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி ஷிப்ட் இன்சார்ஜ், சேஃப்டி ஆபீசர் யாருக்காவது ஒரு மெசேஜ் போட்ருக்கலாம், ஹேண்டோவர் புக்ல ரெண்டு வரி எழுதியிருக்கலாம். உன் எடத்துல யார் நின்னாங்க அன்னிக்கு?

பிரஸ்ஷாப்_தம்பி:

அண்ணே அத தான் எழுத மறந்துட்டேன். செகண்ட் ஷிப்ட்ல இருந்த ஒடிசா பையன் ஒருத்தன நிறுத்தியிருக்காங்க, அவனே ஃபோன் பண்ணி சொன்னான். விடிய விடிய அதே மெஷின்ல, அதே டேப்போட. அவனுக்கு தமிழ் கொஞ்சம் தான் வரும், மாட்டேன்னு சொல்ல பயம், ரூமும் கான்ட்ராக்டர் குடுத்தது, வேலை போனா ரூமும் போயிரும். அத கேட்டதுல இருந்து சம்பளத்த விட அது தான் மனசுல நிக்குது. இன்னும் அந்த மெஷின் அப்படியே தான் ஓடுதாம். வெளிய வந்துட்ட நான் இதுக்கு எதாவது பண்ண முடியுமா?

சங்கத்துக்காரர்:

முடியும் தம்பி, நீ தான் பண்ண முடியும், உள்ள இருக்கறவன் வாய தொறக்க மாட்டான்.

பட்டன் ரெண்டு வச்சதே ரெண்டு கையும் டைக்கு, அதாவது பீஸ வச்சு அமுக்குற அச்சுக்கு, வெளிய இருக்கணும்னு தான். ஒண்ண டேப் போட்டு அமுக்கி வச்சா இன்னொரு கை டைக்குள்ள இருக்கும்போதே மேல இருந்து அமுக்குற ராம் எறங்கும், அத நிறுத்த இருந்த ஒரே சாமான் அந்த லைட் கர்ட்டன், அதையும் பைபாஸ் பண்ணியாச்சு. இந்த பெல்ட்ல விரல் போன பசங்கள ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வாசல்ல நான் பாத்திருக்கேன், கட்டு போட்ட கைய இன்னொரு கையால தாங்கிக்கிட்டு ஃபாரத்துல கையெழுத்து எப்படி போடறதுன்னு கேட்டுக்கிட்டு நிப்பாங்க, எல்லாம் உன் வயசு தான்.

சட்டத்துல ஒரு விஷயத்த சரியா புரிஞ்சுக்க. ஆபத்துன்னா எந்திரிச்சு போயிடலாம்னு நம்ம சட்டம் நேரா எழுதி வைக்கல. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்னு நியாயமா தோணினா நிர்வாகத்துக்கும், கூடவே தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம், நிர்வாகம் உடனே சரி பண்ணணும்னு தான் பணிப் பாதுகாப்பு கோடுல இருக்கு. அதனால நீ கிளம்பினத மட்டும் பிடிச்சுக்கிட்டு அவங்க பேசுவாங்க, தெரிவிச்சதுக்கு ஆதாரம் இருந்தா பேச்சு மாறும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு போடு, மெஷின் நம்பர், லைன், எந்த பட்டன், எல்லாத்தையும் எழுது. உள்ள இருக்கற பசங்க பேர் ஒண்ணும் போடாத, உன் பேரையும் கம்பெனிக்கு சொல்ல வேண்டாம்னு மனுவுலயே கேட்டுக்க. இத சம்பள லெட்டரோட சேக்காத, தனியா அனுப்பு.

அப்ஸ்காண்ட்ங்கறாங்களே, அதுக்கும் பதில் இருக்கு. 8 நாளுக்கு மேல வரலன்னா தானா வேலை போயிடும்னு நிலையாணைல, அதாவது கம்பெனியோட வேலை விதில, எழுதி வச்சிருந்த கம்பெனி ஒண்ணு ஒரு தொழிலாளிய விசாரணை இல்லாம பேர் எடுத்துட்டாங்க. டி.கே. யாதவ் வழக்கு, 1993, சுப்ரீம் கோர்ட். வந்து நின்னேன், கேட்ல விடலன்னு அவர் சொன்னாரு. விசாரிக்காம, அவர் பக்கத்த கேக்காம எடுத்தது செல்லாதுன்னு சொல்லி வெளிய இருந்த காலத்துக்கு பாதி சம்பளத்தோட திரும்ப வேலை குடுக்க சொன்னாங்க. அதனால தான் வேலைக்கு வர தயார்ங்கற வரி லெட்டர்ல இருக்கணும்னு நானும் சொல்றேன். பதில் வரலன்னா தொழிலாளர் துறைல சமரச அதிகாரி கிட்ட மனு, 45 நாள்ல முடியலன்னா நேரா தீர்ப்பாயம் போகலாம், வேலை நீக்கின தேதில இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

இன்னொண்ணு, கூட வந்த ரெண்டு பேரும் தனித்தனியா லெட்டர் குடுக்கட்டும். கோவத்துல மொத்த லைனையும் கூட்டிக்கிட்டு கேட்ல உக்காந்துடாதீங்க. புது கோடுல 14 நாள் நோட்டீஸ் இல்லாத ஸ்ட்ரைக் சட்டவிரோதம், பாதி பேர் சேந்து ஒரே நாள் லீவு போட்டாலே ஸ்ட்ரைக் கணக்கு, 1,000 ரூபால இருந்து 10,000 வரைக்கும் அபராதம், இல்லன்னா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம். ரூம் வாடகை கட்டவே கஷ்டப்படற பசங்கள அதுல மாட்டி விடக்கூடாது. ஸ்ட்ரைக்கே வேணாம்னு நான் சொல்லல, 12 மணி நேர வேலை மசோதாவ 2023 ஏப்ரல்ல சட்டசபைல பாஸ் பண்ணாங்க, சங்கங்க எல்லாம் சேந்து எதிர்த்ததுல மே தினத்தன்னிக்கே முதல்வர் திரும்ப வாங்கறதா அறிவிச்சாரு. சேந்தா நடக்கும், ஆனா முறைப்படி சேரணும்.

யுஏஎன்_ஹெல்ப்:

பிஎஃப் பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா. அந்த காச கான்ட்ராக்டர் தொட முடியாது, அது உன் யுஏஎன்ல, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத உன் பிஎஃப் நம்பர்ல, இருக்கு. அவன் எக்ஸிட் டேட், அதாவது நீ வேலைய விட்ட தேதி, போடாம இழுப்பான், கடைசி பங்களிப்பு மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு ஆதார் லிங்க் ஆன யுஏஎன்ல நீயே போட்டுக்கலாம், 2020-ல இருந்து இந்த வசதி இருக்கு. மொதல்ல பாஸ்புக்க தொறந்து மாசா மாசம் காசு ஏறியிருக்கான்னு பாரு, சில கான்ட்ராக்டருங்க பிடிச்சுட்டு கட்டறதில்ல, அப்படி இருந்தா இபிஎஃப் குறைதீர் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடு. வேற கம்பெனி சேந்தா பழைய யுஏஎன் நம்பரே குடு, புதுசு எடுக்காத. அவசரப்பட்டு பணத்த எடுக்காம டிரான்ஸ்பர் பண்ணு, பென்ஷனுக்கு பத்து வருஷ சர்வீஸ் சேரணும்.

பிரஸ்ஷாப்_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாஸ்புக் பாத்தேன், கடைசி ரெண்டு மாசம் ஏறவே இல்ல, சம்பளத்துல மட்டும் பிடிச்சிருக்காங்க. லெட்டர் எழுதிட்டேன், நாளைக்கு போஸ்ட் ஆபீஸ் போறேன். மெஷின் பத்தின மனுவ தனியா எழுதிட்டு இருக்கேன், அந்த ஒடிசா பையன் கிட்ட மெஷின் நம்பர மட்டும் கேட்டு வாங்கிட்டேன், அவன் பேர் எங்கயும் வராது. அக்கா, சர்டிபிகேட்ட எப்படி வாங்கறது?

முன்னாள்_எச்ஆர்_அக்கா:

அதே லெட்டர்ல தனி பாராவா, ஒரிஜினல் சர்டிபிகேட் இந்த தேதில உங்க கிட்ட குடுத்தேன், திருப்பி தாங்கன்னு எழுதிட்டு போஸ்ட் பண்ணு. வாங்கும்போது ரசீது குடுத்திருந்தா காப்பி வை, இல்லன்னா யார் கைல குடுத்தன்னு எழுது. குடுக்கலன்னா லேபர் ஆபீஸ் மனுவுலயும் அத சேத்துடு. அங்க போகும்போது தனியா போகாத, சங்கத்துக்காரர் அண்ணன் மாதிரி யாராவது ஒருத்தர கூட்டிட்டு போ, வெத்து பேப்பர் எதுலயும் கையெழுத்து போடாத. வீட்லயும் இன்னைக்கே சொல்லிடு தம்பி, கான்ட்ராக்டர் ஃபோன் பண்ணி அவங்க கேக்கறதுக்கு முன்னாடி.