புதுப்பிப்பு: ராணுவப் புழுதியும் என் நுரையீரலும், சிடி முடிவு வந்துவிட்டது

பாலைவனப் பணியில் வாகன வரிசைக்குப் பின்னால் மாதக்கணக்கில் புழுதியைச் சுவாசித்ததையும், இப்போது இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவதையும் முன்பு எழுதியிருந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரி, இப்போதைய நிலவரம். மிக மெல்லிய துண்டுகளாகப் படமெடுக்கும் சிடி ஸ்கேனில் தெரிந்துவிட்டது: நுரையீரலின் மேல்பகுதியில் கடுகு கடுகாகப் புள்ளிகள், நடுவே தழும்புக் கோடுகள். மணல் தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத் துகள்களை நுரையீரலின் பாதுகாப்புச் செல்கள் விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் அவையே சாகின்றன. அந்த அழற்சி ஆறாமல் தழும்பாகிறது. பணி முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது வளரலாம் என்பதுதான் எனக்கு வலித்தது.

குழாயில் ஊதும் சோதனை கிட்டத்தட்ட சரியாகவே வந்தது. ஆனால் ஒரு வாயுவை இழுத்து 10 விநாடி மூச்சை அடக்கும் சோதனையில், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வாயுவின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஊதும் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள், இதையும் கேட்டு வாங்குங்கள்.

தழும்பு மறையாது. தொடர்ந்து பரவினால், வேகத்தைக் குறைக்க நின்டெடானிப் என்ற மருந்து தரலாம் என்றார் மருத்துவர். சிலிக்கா பாதிப்பு காசநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால் அந்தப் பரிசோதனையும் செய்தாயிற்று, காசநோய் இல்லை. அப்புறம், எந்த முகாமில் எத்தனை மாதம், என்ன வேலை என்று தேதியோடு எழுதிக் கொடுத்தேன். முந்தைய மருத்துவர்கள் யாரும் அதைக் கேட்கவேயில்லை. அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து.