மறு: ‘ஹெவி டியூட்டி’ பிக்கப் – எடைப்பிரிவுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பின்னால் திறந்த சரக்குப்பெட்டி உள்ள அமெரிக்க பிக்கப் வண்டிகள் பற்றிய சொற்களுக்கு, நம் அகராதிக்காக வந்த தமிழ்ப் பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ஹெவி டியூட்டி என்றால் கனரகம். அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

லாரிக்கும் பேருந்துக்கும் கனரகம் பொருந்தும். அமெரிக்க பிக்கப்புக்கு அதையே வைத்தால் குழப்பம்தான். அங்கே வண்டிகளுக்கு, சரக்கோடு சேர்ந்த எடை வரம்பை வைத்து, எட்டு எடைப்பிரிவுகள். 8,501 முதல் 10,000 பவுண்டு வரை ‘2பி’. 14,000 வரை மூன்றாம் பிரிவு. ராம் 2500 என்ற பிக்கப் முன்னதில், அதைவிடப் பெரிய ராம் 3500 பெரும்பாலும் பின்னதில். நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கில் 26,000 பவுண்டைத் தாண்டும் 7, 8ஆம் பிரிவுகள் மட்டுமே கனரகம். சுற்றுச்சூழல் முகமையின் புகை விதிகளிலோ 8,500ஐத் தாண்டினாலே கனரகம். ஆக, ஒரே ராம் 2500 ஓரிடத்தில் இலகு, இன்னோரிடத்தில் கனம். நிறுவனங்கள் ஹெவி டியூட்டி என்று விற்பது கடும் வேலைக்குக் கட்டிய வண்டி என்ற பொருளில். அதற்கு ‘வன்பணி பிக்கப்’ என்பேன். கனரகம் 7, 8க்கே இருக்கட்டும்.

> ஜி.வி.டபிள்யூ.ஆர். = மொத்த வாகன எடை

இதை நான் ஏற்கவில்லை. கிராஸ் வெஹிக்கிள் வெயிட் ரேட்டிங் என்பதன் சுருக்கம் அது; கடைசி ‘ஆர்’, அதாவது ‘ரேட்டிங்’, விடுபட்டுவிட்டது. விஷயமே அதில்தான் இருக்கிறது. எடைமேடையில் ஏற்றினால் தெரிவது மொத்த எடை. வண்டி, எரிபொருள், ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்று தயாரிப்பாளர் குறித்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டும் எண் வேறு. எடைப்பிரிவு அந்த எண்ணை வைத்துத்தான். 10,001 பவுண்டு ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வணிக வண்டிகளுக்கான விதிகள் வந்து சேரும். அதனால் கூடுதல் பாரம் தாங்கும் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பையும் 10,000 என்று குறித்து வாங்க முடியும். இரும்பு மாறவில்லை, எண்தான் மாறியது. எனவே ‘மொத்த எடை வரம்பு’. அச்சுக்கு ‘அச்சு எடை வரம்பு’. டிரெய்லரும் சேர்ந்தால் ‘இணைப்பு எடை வரம்பு’.

மாதிரிப் பெயரை வைத்துப் பிரிவைச் சொல்லிவிடவும் முடியாது. எஃப்-450 பிக்கப்பின் வரம்பு 14,000, மூன்றாம் பிரிவு. அதே பெயரில் பின்பெட்டி இல்லாமல் வரும் சேசிஸ் வண்டி 16,000ஐத் தாண்டி ஐந்தாம் பிரிவுக்குப் போகிறது. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று ஏற்றும் பாரத்தால் பிக்கப்பை அழைப்பதெல்லாம் பழைய வழக்கு; அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைய ‘ஒரு டன்’ வண்டிகளில் சில மூன்று டன்னுக்கு மேல் ஏற்றும் என்று ஒரு குறிப்பு அவசியம் வேண்டும்.

ஏற்றுசுமை (வண்டி தன்மேல் தாங்கும் பாரம்), இழுசுமை (டிரெய்லராக இழுக்கும் பாரம்) என்ற இணை அருமை. முன்மொழிந்த தோழிக்கு நன்றி.

> டங் வெயிட் – நாச்சுமை?

வேண்டாம். டிரெய்லரின் முன்முனை வண்டிமேல் அழுத்தும் பாரம் அது. நம் மாட்டுவண்டிக்காரர்களிடம் இதற்குச் சொல் உண்டு: முன்பாரம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் இதே இயக்கம்தான். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் ஆடும். கூடினால் பின்னச்சு தணிந்து முன்சக்கரத்தின் பிடி தளரும். பந்துக் கொக்கியில் மாட்டும் டிரெய்லருக்கு அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும். பின்பெட்டியிலேயே பூட்டும் பெரிய வகைகளில் 20ஐ ஒட்டி வரும்.

இந்தச் சொல் நிலைத்தால் ஒரு கணக்கும் எளிதில் புரியும். 14,000 பவுண்டு டிரெய்லரைப் பின்பெட்டியில் பூட்டினால் முன்பாரம் ஏறக்குறைய 2,800. வரம்பு 10,000, வண்டியின் சொந்த எடை 7,400 என்றால் ஏற்றுசுமைக்கு மிச்சம் 2,600தான். ஓட்டுநர் ஏறும் முன்பே வரம்பு மீறியாயிற்று. இழுசுமை எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2பி வண்டி வாங்குவதா, மூன்றாம் பிரிவு வண்டி வாங்குவதா என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் இந்த முன்பாரமே.

பின்னச்சில் நான்கு சக்கரம் உள்ள ‘டூவலி’க்கு ‘இரட்டைப் பின்சக்கரம்’ என்று எழுதிவருகிறேன். நீளம்தான். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றை அகராதிக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.