துபாய்த் தமிழர்களில் முதலில் போனது யார்?

அஸ்தம்பட்டி_வாசி:
தங்கச்சி வீட்டுக்காரருக்கு துபாயில் வேலை. பொங்கல் முடிந்ததும் பிள்ளைகளோடு கிளம்புகிறார்கள். எங்கள் சொந்தத்தில் வெளிநாடு என்றால் சிங்கப்பூர்தான், அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. கோயில் இருக்கு, இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கு, நம்ம ஊர் மெஸ் இருக்கு, கவலைப்படாதே என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரி, இதையெல்லாம் ஆரம்பித்தது யார்? எண்ணெய்ப் பணம் வந்த பிறகு போனவர்களா?

சேவாப்பேட்டை_கொலுசு:
இல்லைங்க, அதற்கு முன்பே. அங்கே எண்ணெய் கண்டுபிடித்தது 1966-ல், ஏற்றுமதி ஆரம்பித்தது 1969-ல். சிந்தி, குஜராத்தி வியாபாரிகள் முத்து, துணி, தங்கம் என்று வெகு காலம் முன்பே க்ரீக் (துபாய் ஊருக்குள் வரும் கடல் கழி) ஓரத்தில் கடை போட்டுவிட்டார்கள். பர் துபாய் கோயில் 1958, இந்தியன் ஹைஸ்கூல் 1961, செயின்ட் மேரிஸ் தேவாலயம் 1967 (நிலம் கொடுத்தது ஷேக் ரஷீத்). 1966 வரை அங்கே புழங்கியதும் ரூபாய்தான், அதற்கென்றே நம்ம ரிசர்வ் வங்கி தனி நோட்டு அடித்தது.

கீழக்கரை_மருமகன்:
சேலத்தில் பெண் எடுத்தவன், நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். தமிழர்கள் என்று கேட்டால் கீழக்கரையை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. எங்கள் ஊர் பி.எஸ். அப்துர் ரகுமான் 1973-ல் துபாய் வணிகர்களான அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து இ.டி.ஏ. கம்பெனியை ஆரம்பித்தார், வண்டலூர் கிரசென்ட் கல்லூரியும் அவர் கட்டியதுதான். புர்ஜ் கலீஃபாவின் ஏ.சி., கரண்ட், குழாய் வேலையில் இ.டி.ஏ.வுக்கும் பங்கு உண்டு. ஒருத்தர் போய் நின்றால் போதும், அடுத்து தம்பி, அப்புறம் மச்சான், அப்புறம் தெருவில் பாதிப் பேர். புதிதாக வருகிறவனுக்கு அறையில் ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்து, சம்பளம் வரும் வரை மெஸ் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சங்கம், விழா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஏற்காடு_மிளகு:
முதலாளியையும் வியாபாரியையும் மட்டும் எண்ணினால் எப்படி? சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் கிடந்து, வெயிலில் சென்ட்ரிங் அடித்தவர்கள்தான் ஊரையே எழுப்பினார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெளி வேலை கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் குடும்பத்தைக் கூட்டிவர மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், இல்லையென்றால் 3,000-மும் தங்குமிடமும். அது இல்லாதவன் முப்பது வருஷம் இருந்தாலும் தனி ஆள்தான். பத்து வருஷம் தங்க அனுமதிக்கும் கோல்டன் விசா 2019-ல் வந்தது, அதுவும் அவனுக்கு இல்லை.

கீழக்கரை_மருமகன்:
மறுக்கவில்லை அண்ணா. எங்கள் ஊரிலும் பாதி வீட்டில் அப்பா என்றால் லீவில் வருகிற ஆள்தான்.

அஸ்தம்பட்டி_வாசி:
தங்கச்சி குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீடு எங்கே பார்ப்பது? ஷார்ஜாவில் மலிவு என்கிறார்கள்.

சேவாப்பேட்டை_கொலுசு:
வாடகை மலிவுதான், ஆனால் காலையில் துபாய் ரோட்டில் நிற்கிற நேரத்தில் சேலத்திலிருந்து ஈரோடே போய்விடலாம். ஆபீஸ் பர் துபாய் பக்கம் என்றால் கராமா பாருங்கள், நம்ம ஆட்கள் நிறைய. முதலில் பள்ளிக்கூட சீட். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில்தான் புது வகுப்பு, பொங்கல் வரை காத்திருக்காமல் இப்போதே பதிந்துவிடச் சொல்லுங்கள்.