கணவரின் வதிவிட அனுமதி ஆறு மாதமாக வரவில்லை, விசாவும் முடிந்துவிட்டது (ஜெர்மனி). வேலையில் சேர முடியுமா?

முகில்வாணி எழுதியது, செப்டம்பர் 12

வணக்கம். நான் ஜெர்மனியில் மூன்று வருடமாக ப்ளூ கார்டில் (பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை, வதிவிட அனுமதி) வேலை பார்க்கிறேன். கணவர் குடும்ப இணைப்பு விசாவில் பிப்ரவரி நடுவில் வந்தார், விசா ஜூலை 31 வரை. வந்த வாரமே முகவரிப் பதிவை முடித்தோம். மார்ச் 4 அன்று எங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையதளத்தில் வதிவிட அனுமதிக்கு எல்லாத் தாள்களையும் ஏற்றி அனுப்பினோம். அன்றைக்கே ஒரு எண்ணோடு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஏழு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தால் தானாகவே துண்டிக்கப்படுகிறது. நேரில் போனால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று வாசல் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அக்டோபர் 1 சேர வேண்டும். எச்.ஆர். செல்லுபடியாகும் அனுமதியை 25ஆம் தேதிக்குள் கேட்கிறார்கள், கையில் இருப்பதோ முடிந்துபோன விசா. ஊரில் மாமனாருக்கு அறுவை சிகிச்சை வேறு, இவர் போய்ப் பார்க்க முடியாமல் தவிக்கிறார். அவர் இங்கே இருப்பதே சட்டப்படி சரிதானா என்ற பயத்தில் எனக்கு இரவில் தூக்கம் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

செங்காந்தள்

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும் தோழி. மார்ச் 4 அன்று நீங்கள் அனுப்பியது விண்ணப்பமா, அல்லது நேரம் கேட்டு அனுப்பிய படிவமா? சில ஊர்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். அந்த மின்னஞ்சலில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள், 'அன்ட்ராக்' (விண்ணப்பம்) என்று இருக்கிறதா, 'டெர்மின்' (சந்திப்பு நேரம்) என்று இருக்கிறதா. மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

முகில்வாணி

'வதிவிட அனுமதி வழங்கக் கோரும் உங்கள் அன்ட்ராக் எங்களுக்கு வந்து சேர்ந்தது' என்றுதான் இருக்கிறது. தேதி மார்ச் 4.

செங்காந்தள்

அப்படியென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள், உண்மையாகவே சொல்கிறேன். வதிவிடச் சட்டம் பிரிவு 81, உட்பிரிவு 4: கையில் இருக்கும் அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய அனுமதி தொடர்ந்து செல்லும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட கால தேசிய விசாவுக்கும் இது பொருந்தும் (குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குப் பொருந்தாது). உங்கள் கணவர் ஆகஸ்ட் 1 முதல் சட்டவிரோதமாக இல்லை. விசாவில் வேலை செய்யலாம் என்று எழுதியிருந்தால் அந்த உரிமையும் கூடவே தொடர்கிறது.

அவரிடம் இல்லாதது உரிமை அல்ல, அதைக் காட்டும் தாள்தான். அந்தத் தாளுக்குப் பெயர் ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங். அதே பிரிவின் உட்பிரிவு 5 அதைக் கொடுக்கச் சொல்கிறது, கட்டணம் 13 யூரோ. வதிவிட அனுமதி கார்டு எப்போது வரும், கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஏழு மின்னஞ்சல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு அந்த மேசையில் இருப்பவரிடமே பதில் இருக்காது. கார்டை விட்டுவிட்டு இந்தத் தாளை மட்டும் கேளுங்கள்.

எச்.ஆர். மேல் கோபப்படாதீர்கள். அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்துக்கொள்வது முதலாளியின் சட்டக் கடமை, தவறினால் அபராதம். இந்தத் தாளைக் காட்டினால் அவர்களுக்குப் போதும்.

வடதிசை

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன், யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் சரி. என் மனைவிக்கு எட்டு மாதம் ஆனது. நான் செய்த பெரிய தவறு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல், ஒவ்வொன்றிலும் புதிய தலைப்பு, ஒவ்வொன்றிலும் எல்லாத் தாள்களையும் மறுபடி இணைப்பது. கடைசியில் நேரில் பார்த்தபோது அந்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார், எங்கள் பெயரில் ஐந்து கோப்புகள், ஒன்றில் பழைய வாடகை ஒப்பந்தம், இன்னொன்றில் புதியது, எது சரி என்று தெரியாமல் ஐந்துமே ஓரமாகக் கிடந்தன. அதனால் முதல் மின்னஞ்சலில் வந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கடிதத்திலும் அதே எண், அதே தலைப்பு.

தாள்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மார்ச்சில் கொடுத்த சம்பளச் சீட்டுகள் இப்போது பழையவை, கடைசி மூன்று மாதத்துடையதை அவர்கள் கேட்கும் முன்பே தயாராக வையுங்கள். மருத்துவக் காப்பீட்டுக் கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதாது, குடும்பக் காப்பீட்டில் கணவர் பெயர் இருப்பதாகத் தனிக் கடிதம் வேண்டும், எங்களுக்கு மாட்டியது அங்கேதான். அப்புறம் இருவருடைய பாஸ்போர்ட்டும் எவ்வளவு நாள் இருக்கிறது? துணைவரின் அனுமதியைப் பொதுவாக உங்கள் அனுமதியின் தேதியைத் தாண்டிக் கொடுக்க மாட்டார்கள். உங்களுடைய ப்ளூ கார்டே சில மாதத்தில் முடிவதாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பதும் நடக்கிறது.

முகில்வாணி

காப்பீட்டுக் கடிதம்! என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் செயலியிலேயே அவர் பெயரில் கடிதம் எடுத்துவிட்டேன். என் கார்டு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டுகளும் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தத் தாளை எப்படிக் கேட்பது? மின்னஞ்சலைத்தான் யாரும் பார்ப்பதில்லையே.

செங்காந்தள்

காகிதத்தில் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே எண், கணவரின் பெயர், பிறந்த தேதி. பிறகு நான்கு விஷயங்கள்: மார்ச் 4 அன்று விண்ணப்பித்தோம், விசா ஜூலை 31 அன்று முடிந்தது, பிரிவு 81 உட்பிரிவு 4, 5இன் படி ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் தர வேண்டுகிறோம், அக்டோபர் 1 வேலை இருப்பதால் செப்டம்பர் 22க்குள் வேண்டும். விளக்கமோ வேதனையோ வேண்டாம், மனது கேட்காதுதான், ஆனாலும் வேண்டாம். வேலை ஒப்பந்தத்தையும் எச்.ஆர். கேட்ட மின்னஞ்சலையும் பின்னால் வையுங்கள், ஏனென்றால் தேதி போட்ட அவசரத்தை ஓரமாக வைப்பது அவர்களுக்குக் கடினம். விண்ணப்பதாரர் அவர்தான், அதனால் கையெழுத்து கணவருடையது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதே நாள் ஃபேக்ஸிலும் அனுப்புங்கள். ஜெர்மன் அலுவலகங்களில் ஃபேக்ஸுக்கு இன்னமும் மதிப்பு உண்டு, அனுப்பியதற்கான அறிக்கை உங்கள் கையில் இருக்கும்.

அறுவை சிகிச்சைக்குப் போவது பற்றி: தாளின் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். உட்பிரிவு 4க்கான கட்டத்தில் குறி இருந்தால் வெளியே போய்த் திரும்பி வரலாம், பழைய விசா உள்ள பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். வேறு கட்டத்தில் குறி போட்டிருந்தால் பயணம் வேண்டாம், அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். தாள் கைக்கு வருமுன் டிக்கெட் எடுக்காதீர்கள். முடிந்தால் நேராக ஜெர்மனியில் வந்திறங்கும் விமானமாகப் பாருங்கள், நடுவில் இன்னொரு நாட்டின் அதிகாரிக்கு இந்தக் காகிதத்தை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

கரிசல்மழை

இலவச உதவி ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்கான குடியேற்ற ஆலோசனை, சுருக்கமாக எம்.பி.இ. என்பார்கள். காரித்தாஸ், டியாகோனி, ஆவோ, செஞ்சிலுவை மாதிரியான அமைப்புகள் நடத்துகின்றன. 27 வயதுக்குக் கீழே இருந்தால் இளையோருக்குத் தனியாக உண்டு. சில சமயம் அவர்களிடம் அலுவலகத்தின் உள் தொலைபேசி எண் இருக்கும், நாம் ஒரு மாதம் முயன்றது அவர்களுக்குப் பத்து நிமிடம்.

இளவேனில்77

ஏன் இவ்வளவு கெஞ்ச வேண்டும்? மூன்று மாதம் தாண்டிவிட்டதே, வழக்குப் போடுங்கள். நாங்கள் போட்டோம், ஐந்து வாரத்தில் கார்டுக்கான நேரம் கொடுத்தார்கள்.

முகில்வாணி

வழக்கா? அரசு அலுவலகத்தின் மேலேயே வழக்குப் போட்டால் கோபத்தில் நிராகரித்துவிட மாட்டார்களா?

செங்காந்தள்

அந்தப் பயம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் இது ஒருவரைக் குற்றம் சாட்டும் வழக்கு இல்லை. 'உன்டேட்டிக்கைட்ஸ்கிலாகெ', முடிவே சொல்லாமல் இருப்பதற்கு எதிரான மனு. நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டம் பிரிவு 75, விண்ணப்பித்து மூன்று மாதம் ஆன பிறகு போடலாம். தகுதி இருப்பவருக்கு மனு போட்டதற்காக அனுமதியை மறுக்க முடியாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும்.

இளவேனில் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் நிலை நீதிமன்றத்தில் வக்கீல் கட்டாயம் இல்லை, ஆனால் நீதிமன்றக் கட்டணம் கிட்டத்தட்ட 500 யூரோவை முன்கூட்டியே கேட்பார்கள். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தார்கள் என்றால் செலவை அலுவலகமே ஏற்க வேண்டியிருக்கும். காரணம் இருக்கிறது என்று நீதிபதி நினைத்தால் அவர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுக்கலாம். நீங்கள் முதலில் காப்பீட்டுக் கடிதத்தைச் சேருங்கள், தாள் குறையாக இருக்கும்போது மனு போட்டால் அதையே காரணமாகச் சொல்வார்கள். 22ஆம் தேதி வரை பதில் இல்லையென்றால், தாளுக்காக மட்டும் அவசர மனு போடலாம், அதற்கு ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

முகில்வாணி, செப்டம்பர் 24

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். 13ஆம் தேதி கடிதமும் ஃபேக்ஸும் போனது, காப்பீட்டுக் கடிதத்தோடு. 16ஆம் தேதி எம்.பி.இ. ஆலோசகரைப் பார்த்தோம், அவர் எங்கள் முன்னாலேயே ஒரு எண்ணுக்கு அழைத்தார், எதிர்முனையில் உடனே எடுத்தார்கள். எது வேலை செய்தது என்று தெரியவில்லை, 18ஆம் தேதி மின்னஞ்சல் வந்தது, நேற்றுக் காலை நேரம், 13 யூரோ, பதினைந்து நிமிடம். உட்பிரிவு 4க்கு நேராகக் குறி, வேலை செய்யலாம் என்ற வரியும் இருக்கிறது. வாசலிலேயே நின்று எச்.ஆருக்கு அனுப்பினோம், மதியமே சரி என்று பதில். இவர் படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தார். பேச்சே வரவில்லை அவருக்கு.

கார்டு எப்போது என்று கேட்டேன், தெரியாது என்றார்கள். தாளில் போட்டிருக்கும் தேதி மார்ச் வரை. டிசம்பருக்குள் கார்டுக்கு நேரம் வராவிட்டால் பிரிவு 75க்குப் போவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

தனிச்செய்தியில் ஒருவர் ஃபேக்ஸ் எண் எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தார். அலுவலகத்தின் தொடர்புப் பக்கத்தில் இல்லை, இணையதளத்தின் அடியில் 'இம்ப்ரெஸ்ஸும்' (தளத்தை நடத்துபவரின் விவரம்) என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைத் திறந்தால் நகராட்சியின் பொது ஃபேக்ஸ் எண் இருக்கிறது. முதல் வரியில் எந்தத் துறைக்கு என்று எழுதிவிடுங்கள்.